கம்ப்ரஸர் ஓடியதா? சீரியல் போர்ட்டில் வெளி மின்னழுத்தத்தை அறிதல்: பால் சங்கம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் இயங்கும் பால் கூட்டுறவு சங்கத்திலிருந்து இரண்டு புகார்கள் எனக்கு வந்தன. மாலையில் கறந்து பல்க் கூலரில் (பாலைக் குளிர்விக்கும் பெரிய தொட்டியில்) இரவு முழுவதும் வைத்திருந்த பால், சில நாள்களில் காலையில் டேங்கர் வந்தபோது சூடாக இருந்தது என்பதும், குளிரூட்டு நிலையத்துப் பரிசோதனையில் நிராகரிக்கப்பட்டது என்பதும் முதல் புகார். காலைக் கொள்முதல் தொடங்கும் நேரத்தில் மின்னணுத் தராசு கணினியின் கட்டளைக்குப் பணிவதில்லை என்பது இரண்டாவது புகார். சங்கத்தார் இவ்விரண்டையும் தொடர்பில்லாத தனித்தனிக் கோளாறுகளாகவே சொன்னார்கள். தராசும் அதற்குரிய கேபிளும் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் என்னை அழைத்தது இரண்டாவது புகாருக்காக. கூலரைப் பற்றிச் செயலாளர் பேச்சுவாக்கில்தான் குறிப்பிட்டார்: "ஏனுங்க, ராத்திரி பூரா கம்ப்ரஸர் ஓடுச்சுன்னு கம்ப்யூட்டர் எழுதி வெச்சிருக்குது. பால் மட்டும் கெட்டுப் போயிருக்குது. இது எப்படிங்க?"

அந்தக் கேள்விக்கான விடையும் தராசின் கோளாறுக்கான விடையும் ஒரே கனெக்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே இருந்தன. தராசு போன்ற கருவிகளைக் கேபிளால் இணைக்கும் கணினியின் சீரியல் போர்ட்டைக் கொண்டு வெளியே ஒரு கம்பியில் மின்னழுத்தம் உண்டா, இல்லையா என்று அறிவது எளிது. ஆனால் அந்தக் கம்பியை எந்த இடத்திலிருந்து எடுத்தோம், அது அறுந்து போனால் கணினிக்கு என்ன தெரியும் என்ற இரண்டையும் யோசிக்காமல் செய்தால், கிடைக்கும் பதிவேடு இல்லாததை விடக் கெடுதலானது. ஏனென்றால் எல்லோரும் அதை நம்பிவிடுகிறார்கள்.

பால் சங்கங்களின் கணினியில் சீரியல் போர்ட் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் தராசும் கொழுப்பு அளக்கும் கருவியும்தான். இரண்டும் ஆர்எஸ்-232 என்ற சீரியல் போர்ட் தரநிலையின்படி பேசுகின்றன. 1960-ல் வந்து, 1969-ல் ‘சி’ திருத்தம் பெற்று, 1997-ல் ‘எஃப்’ திருத்தம் வரை தொடர்ந்த அந்தத் தரநிலை மோடத்தையும் தந்தித் தட்டச்சையும் இணைப்பதற்காக எழுதப்பட்டது. அதனால் தரவு போகவும் வரவும் உள்ள கம்பிகளோடு, "நான் தயார்", "நீ அனுப்பலாம்", "மறுமுனையில் ஒலி கேட்கிறது", "மணி அடிக்கிறது" என்று சொல்வதற்கெனத் தனித்தனிக் கம்பிகளும் அதில் உண்டு. 1984-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ஏடி கணினியோடு பரவிய 9 முனைக் கனெக்டரில் 2-ம் 3-ம் தரவுக்கு, 5 பொது முனை. கணினியிலிருந்து வெளியே போகும் நிலைக்கம்பிகள் இரண்டு: 4-ல் டிடிஆர், 7-ல் ஆர்டிஎஸ். வெளியிலிருந்து கணினிக்குள் வருபவை நான்கு: 1-ல் டிசிடி, 6-ல் டிஎஸ்ஆர், 8-ல் சிடிஎஸ், 9-ல் ஆர்ஐ. தராசுக்கு 2, 3, 5 மட்டும் போதும். மற்ற ஆறு முனைகளும் பெரும்பாலான இடங்களில் சும்மா கிடக்கின்றன. ஆம், இல்லை என்ற விடையைத் தரும் நான்கு உள்வாயில்கள், தனிக் கருவி எதுவும் வாங்காமல் கிடைக்கின்றன என்பது சிறிய விஷயமல்ல.

இந்த உள்வாயில்கள் மின்னழுத்தத்தை அளப்பதில்லை. தரநிலைப்படி பொது முனையோடு ஒப்பிட்டு +3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் "ஆம்", −3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் "இல்லை". இடைப்பட்ட பகுதிக்குப் பொருள் வரையறுக்கப்படவில்லை. நடைமுறையில் மாக்ஸ்232 போன்ற சில்லுகள் 1 முதல் 2 வோல்ட்டுக்குள் எங்கோ ஒரு கோட்டைப் போட்டு, அதற்கு மேல் ஒன்று, கீழே மற்றொன்று என்று முடிவு செய்கின்றன. உள்ளே பொது முனையை நோக்கி 3 முதல் 7 கிலோ ஓம், பொதுவாக 5 கிலோ ஓம், ரெசிஸ்டர் ஒன்று இருப்பதால், எதுவும் இணைக்கப்படாத முனை 0 வோல்ட்டில் நின்று "இல்லை" என்றே படிக்கப்படுகிறது. இந்தக் கடைசிப் பண்பு வசதியானது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அறுந்த கம்பியும் "இல்லை", நின்றுபோன கம்ப்ரஸரும் "இல்லை".

முன்பு செய்திருந்த ஏற்பாடு

சில காலத்துக்கு முன்பு யாரோ ஒருவர் கூலரின் ஓட்டத்தைக் கணினியில் பதிவு செய்யச் சிக்கனமான வழி ஒன்றைக் கையாண்டிருந்தார். கூலர் பலகையில் 230 வோல்ட் சுருள் கொண்ட ரிலே (சுருளுக்கு மின்சாரம் வந்தால் இழுத்துத் தொடுப்பை மூடும் சுவிட்ச்) ஒன்றைப் பொருத்தி, அதன் தொடுப்பிலிருந்து சுமார் 40 மீட்டர் கேபிள் ஒன்றை அலுவலக அறைக்கு இழுத்து, தராசு இணைந்திருந்த அதே கனெக்டரின் 7-ம் 8-ம் முனைகளில் பற்றவைத்திருந்தார். ரிலே இழுத்தால் ஆர்டிஎஸ் முனையிலிருந்து கணினியின் சொந்த மின்னழுத்தமே 40 மீட்டர் போய்த் திரும்பி சிடிஎஸ் முனைக்கு வரும். லினக்ஸ் கணினி என்பதால் ஒரே போர்ட்டை இரண்டு நிரல்கள் திறக்க முடிந்தது. ஒன்று பால் கொள்முதல் மென்பொருள். மற்றொன்று நொடிக்கு ஒருமுறை சிடிஎஸ் நிலையைப் பார்த்துக் கோப்பில் எழுதும் சிறு நிரல்.

மல்டிமீட்டரை 5-க்கும் 8-க்கும் நடுவே வைத்தபோது, ரிலே இழுத்திருக்கையில் 6 வோல்ட்டுக்குச் சற்று மேலும், விட்டிருக்கையில் ஏறக்குறைய சுழியும் காட்டியது. மின்னியல் அளவில் இதில் குறை ஒன்றும் இல்லை. 15 மீட்டருக்கு மேல் ஆர்எஸ்-232 கேபிள் கூடாது என்று பரவலாகச் சொல்லப்படும் விதி, வேகமாக மாறும் தரவுக்கும் கேபிளின் மின்தேக்கத் திறனுக்கும் உரியது. மணிக்குச் சில முறை மாறும் நிலைக்கம்பிக்கு அது பொருந்தாது. இந்த ஏற்பாட்டின் பிழைகள் வேறு இடங்களில் இருந்தன.

தராசின் கேபிளை முதலில் சொல்கிறேன். கொள்முதல் மென்பொருள் வன்பொருள் வழி ஓட்டக் கட்டுப்பாட்டை (மறுமுனை சம்மதித்தால்தான் அனுப்புவது என்ற அமைப்பை) போட்டுத்தான் போர்ட்டைத் திறந்தது. அப்படித் திறந்தால் சிடிஎஸ் "ஆம்" என்று இருக்கும்போது மட்டுமே கெர்னல் (லினக்ஸின் உட்கரு) ஒரு எழுத்தையேனும் வெளியே அனுப்பும். தராசிடம் அந்த முனை கிடையாது. ஆகவே தொடக்கத்தில் தராசைப் பொருத்தியவர், இத்தொழிலில் எல்லோரும் செய்வதுபோல, கனெக்டரின் உள்ளேயே 7-ஐயும் 8-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்திருந்தார். ரிலேயைக் கொண்டுவந்தவர் அந்த இணைப்பை வெட்டிவிட்டுத் தம் கேபிளை அங்கே பற்றவைத்தார். வெட்டிய கம்பியின் மிச்சம் இரண்டு முனைகளிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று முதல், கூலர் பலகையின் ரிலே இழுத்திருந்தால்தான் கணினியால் தராசுக்குக் கட்டளை அனுப்ப முடியும் என்றாகிவிட்டது.

தராசு எடையைத் தானாகவே இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருந்ததால் திரையில் எண் தெரிந்தது. பாத்திரத்தின் எடையைக் கழித்துச் சுழியாக்கும் ‘டேர்’ கட்டளை மட்டும் போகவில்லை. பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையில் நிற்க, பரிசோதகர் அந்தப் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவார். அழுத்திய கட்டளைகள் எங்கும் மறைந்து போகவில்லை. கெர்னலின் இடைத்தேக்கத்தில் வரிசையாகக் காத்திருந்தன. பின்னர் ரிலே இழுத்த கணத்தில் அனைத்தும் ஒன்றாகத் தராசுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கணத்தில் யாருடைய பால் பாத்திரத்தோடு தராசின் மேல் இருந்ததோ, அவருடைய எடை சுழியாயிற்று. எடை குறைகிறது என்று ஒன்றிரண்டு உறுப்பினர்கள் சண்டை போட்டதும், தராசைப் பழுதென்று கருதி இரண்டு முறை மாற்றியதும் இதனால்தான். லிட்டர் கணக்கில் வாழும் குடும்பங்களுக்கு இது விளையாட்டல்ல. சங்கத்தின் மீதான நம்பிக்கையே தராசின் அந்த எண்ணில்தான் நிற்கிறது.

இனி ஒரு நுட்பம். ரிலேயின் சுருளை அவர் எங்கே இணைத்திருந்தார் என்று பலகையைத் திறந்து பார்த்தேன். கூலரின் கட்டுப்பாட்டுப் பாதை வழக்கமானதுதான்: வெப்பநிலைக் கட்டுப்படுத்தியின் வெளியீடு முதலில், மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்தால் பாதையைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயின் 95–96 தொடுப்பு வழியாகவும், பிறகு மோட்டாருக்கான பெரிய சுவிட்சாகிய கான்டாக்டரின் சுருளுக்கும் போகிறது. கான்டாக்டர் இழுத்தால் மூன்று ஃபேஸும் கம்ப்ரஸர் மோட்டாருக்குச் செல்லும். அவருடைய ரிலே, கட்டுப்படுத்தியின் வெளியீட்டு முனையிலேயே, ஓவர்லோடுக்கு முன்பாக இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே அது சொன்னது "கம்ப்ரஸர் ஓடுகிறது" என்பதல்ல. "பால் இன்னும் குளிரவில்லை, கம்ப்ரஸர் ஓட வேண்டும்" என்பதுதான். ஓவர்லோடு விழுந்து மோட்டார் நின்றுபோனாலும், கட்டுப்படுத்தி கேட்டுக்கொண்டேதான் இருக்கும். ரிலே இழுத்துக்கொண்டேதான் இருக்கும். கணினி "ஓடுகிறது" என்று எழுதிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது இரண்டு புகார்களையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரியவரும். பால் நன்றாகக் குளிர்ந்து 4 டிகிரி செல்சியஸில் நிற்கும் காலைகளில் கட்டுப்படுத்தி கேட்பதை நிறுத்தியிருக்கும், ரிலே விட்டிருக்கும், எனவே தராசு பணியாது. புதிய பால் கலந்து வெப்பநிலை ஏறியதும் பணியும். பால் கெட்ட காலைகளில் ரிலே இரவு முழுவதும் இழுத்தே இருந்திருக்கும், எனவே தராசில் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. பரிசோதகரிடம் இதைக் கேட்டபோது, அவர் கொஞ்ச நேரம் யோசித்து, நிராகரிப்பு நடந்த நாள்களில் காலைக் கொள்முதல் சிக்கலின்றி முடிந்ததாகத் தமக்கும் நினைவிருக்கிறது என்றார். நிராகரிப்புச் சீட்டுகளின் தேதிகளைக் கணினியின் கோப்போடு ஒப்பிட்டபோது அந்த இரவுகளில் எல்லாம் "ஓடுகிறது" என்ற பதிவு மாலையிலிருந்து காலை வரை ஒருமுறைகூட மாறவில்லை. நல்ல இரவுகளிலோ, முதல் சில மணி நேரத்துக்குப் பின் நிற்பதும் கொஞ்ச நேரம் ஓடுவதுமாகப் பதிவு மாறி மாறி வந்திருந்தது. குளிரூட்டும் எந்த இயந்திரமும் வேலை முடிந்தால் ஓய்வெடுக்கும். ஓய்வே இல்லாத பதிவு வேலை நடக்கவில்லை என்பதற்கான சான்றாகத்தான் அந்தக் கோப்பில் இத்தனை நாளும் கிடந்தது. கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் "ஓடுகிறது" என்ற சொல்லை மட்டும் படித்தார்கள்.

புதிய ஏற்பாடு

தராசின் கனெக்டரில் 7–8 இணைப்பை மீண்டும் பற்றவைத்ததோடு அதன் கதை முடிந்தது. கூலருக்கெனத் தனி சீரியல் போர்ட் வேண்டும் என்று முடிவு செய்து, யூஎஸ்பியிலிருந்து ஆர்எஸ்-232-க்கு மாற்றும் கேபிள் ஒன்றைக் கோவையில் வாங்கினோம். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தரவு முனைகளை மட்டும் வெளியே கொண்டுவந்துவிட்டு மற்றவற்றை இணைக்காமல் விட்ட மலிவான மாற்றிகள் சந்தையில் இருக்கின்றன. 4-ஐயும் 6-ஐயும் ஒரு கம்பியால் தொட்டு, டிஎஸ்ஆர் மாறுகிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் அளவில் வேலை செய்யும் திறந்த பலகைகளை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவற்றின் முனைகளுக்கு ஆர்எஸ்-232 மின்னழுத்தமே அதிகம், அத்துடன் அவற்றில் ஒன்றும் சுழியும் தலைகீழாக இருக்கும்.

கூலர் பலகையில் கட்டுப்படுத்திக்காக 24 வோல்ட் டிசி மின்சாரம் தரும் வழங்கி ஏற்கெனவே இருந்தது. அந்த 24 வோல்ட்டை நேரே சிடிஎஸ் முனைக்குக் கொடுத்தால் என்ன என்று செயலாளர் கேட்டார். தரநிலைப்படி உள்வாயில் 25 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் கான்டாக்டர் சுருள் விடும்போது எழும் மின்னழுத்த எகிறல் 25 வோல்ட்டோடு நிற்பதில்லை. அதைவிட முக்கியமானது இடி. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையோடும், மீண்டும் அக்டோபர், நவம்பரில் துலா மழையோடும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் இடியும் மின்னலும் கடுமையாக இருக்கும். தென்னந்தோப்புக்கு நடுவே இரண்டு கட்டடங்களை இணைக்கும் 40 மீட்டர் செம்புக் கம்பியில், அருகில் இடி விழுந்தால் தூண்டப்படும் மின்னழுத்தம் கணினியின் தாய்ப்பலகை வரை போகும். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே அளவில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. எனவே வெளி மின்னழுத்தமும் கணினியும் ஒன்றையொன்று தொடாமல் ஒளி வழியாகப் பேச வேண்டும். அதற்குப் பிசி817 என்ற ஆப்டோகப்ளர் போதும்; விலை சில ரூபாய்தான்.

கணக்கை முழுமையாகத் தருகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் கையில் கிடைத்த ரெசிஸ்டரைப் போட்டுவிடுகிறார்கள். ஆப்டோகப்ளரின் உள்ளே உள்ள ஒளி டயோடு 1.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 22.8 வோல்ட் 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே விழுந்தால் மின்னோட்டம் 6.9 மில்லியாம்பியர். அந்த ரெசிஸ்டரில் 0.16 வாட் வெப்பம் எழுவதால் கால் வாட் வகையைத் தவிர்த்து அரை வாட் வகையைப் போட்டோம். இந்த மின்னோட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. இந்த 24 வோல்ட் கடந்து வரும் கான்டாக்டரின் துணைத் தொடுப்புகள் (கான்டாக்டரோடு சேர்ந்து நகரும் சிறு சுவிட்சுகள்) மிகச் சிறிய மின்னோட்டத்தில் நம்பகமாக வேலை செய்வதில்லை. தொடுப்பின் மேல் படியும் மெல்லிய படலத்தைத் துளைக்க ஓரளவு மின்னழுத்தமும் மின்னோட்டமும் வேண்டும். 17 வோல்ட், 5 மில்லியாம்பியர் என்ற குறைந்தபட்ச அளவைத் தயாரிப்பாளர்களின் ஏடுகளில் காணலாம். பழைய ஏற்பாட்டில் ரிலேயின் தொடுப்பு வழியாக 6 வோல்ட்டில் ஒன்றரை மில்லியாம்பியருக்கும் குறைவாகவே போனது. கோப்பில் அவ்வப்போது காணப்பட்ட பொருளற்ற துடிப்புகளுக்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

ஆப்டோகப்ளரின் மறுபக்கம் கணினியைச் சேர்ந்தது. டிடிஆர் முனையை நிரல் "ஆம்" நிலையில் வைத்தால் அதில் நேர் மின்னழுத்தம் நிற்கும்; அதையே வழங்கியாகக் கொண்டு, டிரான்சிஸ்டர் வழியாக சிடிஎஸ் முனைக்குக் கொடுத்தோம். உள்வாயிலின் ரெசிஸ்டர் மிகக் குறைந்த அளவான 3 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டாலும் தேவைப்படுவது 2 மில்லியாம்பியருக்கும் குறைவு. 50 சதவீத மாற்று விகிதம் (உள்ளே போகும் மின்னோட்டத்துக்கு எதிராக மறுபக்கம் கிடைக்கும் அளவு) மட்டுமே உள்ள ஆப்டோகப்ளரும் 3.4 மில்லியாம்பியர் தரும். கணினி போர்ட்டை மூடியவுடன் டிடிஆர் எதிர் மின்னழுத்தத்துக்குப் போகும். டிரான்சிஸ்டர் தலைகீழாக 6 வோல்ட்தான் தாங்கும் என்பதால், பாதையில் ஒரு 1என்4148 டயோடையும் சேர்த்தோம். அது எடுத்துக்கொள்ளும் 0.7 வோல்ட் போக மிஞ்சுவது 4 வோல்ட்டுக்கு மேல்; தரநிலையின் 3 வோல்ட் எல்லைக்கு அது போதும்.

எந்தக் கம்பியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அதிக நேரம் செலவிட்டோம். கான்டாக்டரில் 13–14 என்ற துணைத் தொடுப்பு கான்டாக்டர் இழுத்தால் மூடும். 21–22 இழுத்தால் திறக்கும். முன்னதை சிடிஎஸ் முனைக்கும் பின்னதை டிஎஸ்ஆர் முனைக்கும் தனித்தனி ஆப்டோகப்ளர் வழியாகக் கொண்டுவந்தோம். இரண்டும் ஒரே இயந்திர அசைவால் நகர்பவை என்பதால், சரியான நிலையில் இரண்டில் ஒன்று மட்டுமே "ஆம்" என்று இருக்க முடியும். சிடிஎஸ் மட்டும் "ஆம்" என்றால் கான்டாக்டர் இழுத்திருக்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. டிஎஸ்ஆர் மட்டும் "ஆம்" என்றால் கான்டாக்டர் விட்டிருக்கிறது. இரண்டும் "இல்லை" என்றால் 24 வோல்ட் இல்லை அல்லது கம்பி அறுந்திருக்கிறது. இரண்டும் "ஆம்" என்றால் எங்கோ கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. "இல்லை" என்பதற்கே நேரான ஒரு "ஆம்" கிடைத்துவிட்டதால், மௌனத்தை நின்றுபோனதாகப் படிக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது.

மின்வெட்டையும் அறுந்த கம்பியையும் பிரித்தறிய, அலுவலக அறையில் யூபிஎஸ்ஸுக்கு முன்னால் உள்ள பிளக்கில் பழைய கைபேசி சார்ஜர் ஒன்றைச் செருகி, அதன் 5 வோல்ட்டை 680 ஓம் ரெசிஸ்டர் வழியாக மூன்றாவது ஆப்டோகப்ளருக்குக் கொடுத்து டிசிடி முனையில் முடித்தோம். அறையில் மின்சாரம் இருந்து, கூலர் பக்கம் இரண்டும் "இல்லை" என்றால் காவலர் டார்ச்சோடு பலகைக்குப் போக வேண்டும். அறையிலும் இல்லை என்றால் ஜெனரேட்டரைப் போட வேண்டும். கட்டுப்படுத்தியின் வெளியீட்டில் முன்பு இருந்த 230 வோல்ட் ரிலேயை எடுத்து எறியவில்லை. அது சொல்வது பொய்யல்ல, அதற்கு வைத்த பெயர்தான் தவறு. அதன் தொடுப்பில் 24 வோல்ட்டைக் கொடுத்து நான்காவது ஆப்டோகப்ளர் வழியாக ஆர்ஐ முனைக்குக் கொண்டுவந்து, "குளிர் கேட்கிறது" என்று பெயர் வைத்தோம். டிசிடி, ஆர்ஐ இரண்டுக்கும் வழங்கி ஆர்டிஎஸ் முனை. இரண்டு உள்வாயில்களும் ஒன்றாக இழுத்தபோதும் அதில் 5 வோல்ட்டுக்கு மேல் நின்றது. ஆர்ஐ முனைக்கு ஒரு தனிக் குணம் உண்டு: சீரியல் போர்ட்டை இயக்கும் 16550 வகை சில்லுகள் அது விடும்போது மட்டுமே மாற்றத்தை அறிவிக்கும், எழும்போது அறிவிப்பதில்லை. நிலையை அவ்வப்போது படித்துக்கொள்ளும் நிரலுக்கு இதனால் தொல்லை இல்லை; மாற்றத்துக்காகக் காத்திருக்கும் நிரல் எழுதுபவர் இதை மறந்தால் பாதி நிகழ்வுகள் பதிவாகாது.

நிரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைத்தான் மொழியில் பைசீரியல் நூலகம் நான்கு முனைகளையும் நேரே படித்துக் கொடுக்கிறது. அதற்கு அடியில் லினக்ஸில் நடப்பது டிஐஓசிஎம்கெட் என்ற அழைப்பு. விண்டோஸில் இதற்கு நிகரான அழைப்பு உண்டு, ஆனால் அங்கே ஒரு போர்ட்டை ஒரு நிரல்தான் திறக்க முடியும். நொடிக்கு ஐந்து முறை படித்து, ஒரு நிலை இரண்டு நொடி மாறாமல் இருந்தால் மட்டும் அதை ஏற்று நேரத்தோடு எழுதும்படி வைத்தோம். குளிர் கேட்டும் கான்டாக்டர் இழுக்காத நிலை 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் காவலர் இருக்கும் திண்ணைப் பக்கம் ஒலிபெருக்கி அடிக்கும். ஐந்து நிமிடம் காத்திருப்பதற்குக் காரணம், நின்ற கம்ப்ரஸரை உடனே மீண்டும் கிளப்பாமல் சில நிமிடம் தாமதிப்பது கட்டுப்படுத்தியின் இயல்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. மணிக்கு ஒருமுறை நிரல் டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டையும் ஒரு நொடி "இல்லை" என்று இறக்கும். வழங்கியே போய்விட்டதால் அந்த ஒரு நொடியில் நான்கு உள்வாயில்களும் "இல்லை" என்று சொல்லியாக வேண்டும். ஏதேனும் ஒன்று "ஆம்" என்று அடம்பிடித்தால், அந்தச் சொல் ஆப்டோகப்ளரிலிருந்து வரவில்லை. ஈரம் கோத்த கனெக்டரிலிருந்தோ, கெட்டுப்போன சில்லிலிருந்தோ வருகிறது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போன்ற இந்தச் சோதனைக்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாகவில்லை.

பதிவேடு காட்டியது

புதிய ஏற்பாடு வந்த பிறகு, பால் அதிகம் சேர்ந்த ஒரு மாலைக்குப் பின், இரவு பதினோரு மணியளவில் ஒலிபெருக்கி அடித்தது. குளிர் கேட்கிறது, டிஎஸ்ஆர் "ஆம்", அறையில் மின்சாரம் இருக்கிறது. காவலர் போய்ப் பார்த்தபோது ஓவர்லோடு ரிலே விழுந்திருந்தது. இத்தனை நாளும் இது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணமும் வெளிவந்தது: காலையில் பலகையைத் திறந்ததும் ஓவர்லோடின் நீலப் பொத்தானை ஒருமுறை அழுத்துவது அங்கே வழக்கமாகியிருந்தது. கூலரைப் பொருத்திய காலத்தில் யாரோ சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. விழுந்திருந்தாலும் விழாவிட்டாலும் அழுத்தப்பட்டதால், அந்தப் பொத்தான் விழுந்திருந்ததா என்பதை யாரும் பார்க்கவில்லை. அழுத்தியதும் கம்ப்ரஸர் ஓடும். டேங்கர் வரும்போது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஓவர்லோடு ஏன் விழுகிறது என்பதற்கான குறிப்பும் பதிவில் இருந்தது. லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு நிலைக்கம்பியும் எத்தனை முறை மாறியது என்று தனியே எண்ணி வைத்துக்கொள்கிறது. டிஐஓசிஜிஐகவுண்ட் என்ற அழைப்பால் அதைப் படிக்கலாம். இரண்டு நொடி நிலைத்தால்தான் ஏற்பேன் என்ற எங்கள் விதியால் கோப்பில் விழாத துடிப்புகள் அந்த எண்ணிக்கையில் விழுந்திருந்தன. தோட்டங்களில் பம்ப்செட்டுகள் ஓடும் மாலை நேரங்களில் சிடிஎஸ் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது, மற்ற நேரங்களில் அமைதியாக இருந்தது. கான்டாக்டர் முழுமையாக இழுக்காமல் படபடக்கிறது என்று இதற்குப் பொருள். கான்டாக்டர் சுருள் தன் குறிப்பளவில் 85 சதவீதத்துக்குக் கீழே மின்னழுத்தம் கிடைத்தால் உறுதியாக இழுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சங்கத்தின் எலக்ட்ரீஷியன் ஓட்டத்தின்போது மூன்று ஃபேஸையும் அளந்தார். சுருளுக்கு மின்சாரம் தரும் அதே ஃபேஸில், பிரதான பலகையின் ஃப்யூஸ் கேரியருக்கு முன்னும் பின்னும் நல்ல வேறுபாடு இருந்தது. கேரியரைப் பிடுங்கிப் பார்த்தபோது அதன் செம்பு நாக்கு கருகித் தளர்ந்திருந்தது. சுமை ஏறினால் அந்த ஃபேஸில் மட்டும் மின்னழுத்தம் விழும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் மின்னழுத்த ஏற்றத்தாழ்வு சிறிதாக இருந்தாலும் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வு அதைப்போலப் பல மடங்காக இருக்கும். அதிகம் இழுக்கும் ஃபேஸின் சூட்டில் ஓவர்லோடு விழும். பால் குறைவான நாள்களில் கம்ப்ரஸர் சீக்கிரம் வேலையை முடித்து நின்றுவிட்டதால் சூடு அந்த அளவுக்கு ஏறவில்லை. பால் நிறையச் சேர்ந்து நீண்ட நேரம் ஓட வேண்டியிருந்த இரவுகளில்தான், அதாவது நட்டம் பெரிதாக இருக்கும் இரவுகளில்தான், விழுந்தது. மூன்று கேரியர்களையும் மாற்றி, ஃபேஸ் ஏற்றத்தாழ்வைக் கண்டு நிறுத்தும் ரிலே ஒன்றையும் அவர் சேர்த்தார். அதன் பின் மாலை நேர எண்ணிக்கை அடங்கியது. இரவுப் பதிவுகள் நிற்பதும் ஓடுவதுமாகவே வருகின்றன.

இந்த ஏற்பாட்டுக்கும் எட்டாதவை இருக்கின்றன. கான்டாக்டர் இழுத்திருப்பது தெரியும். மோட்டார் சுழல்வது தெரியாது. வாயு கசிந்துபோன கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே பாலைக் கெடுக்கலாம். அப்போதும் சிடிஎஸ் "ஆம்" என்றே நிற்கும், அதிகபட்சம் ஓய்வில்லாத ஓட்டத்தைக் கண்டு நாம் ஐயப்படலாம். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓடினாலும் ஒலிபெருக்கி அடிக்கும்படி நிரலில் சேர்த்திருக்கிறோம். பாலின் வெப்பநிலையை நேரே படிப்பதற்குக் கட்டுப்படுத்தியில் ஆர்எஸ்-485 (இரட்டைக் கம்பியில் தரவு அனுப்பும் மற்றொரு தரநிலை) முனை ஒன்று இருக்கிறது. அதற்கான இரட்டைக் கம்பியை இப்போதைய கேபிளோடு சேர்த்து இழுத்து வைத்துவிட்டோம். அடுத்த பொதுக்குழுவில் பணம் ஒதுக்கியதும் மாற்றியை வாங்கிப் பொருத்துவது என்று சங்கத்தார் முடிவு செய்திருக்கிறார்கள்.